முத்திரையில்லாத சுங்கான்

சுங்கான் என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். புகையிலையை அடைத்து, தீ மூட்டி, புகையை உறிஞ்சும் குழாய்க்கு நமது மூத்தோர் வழங்கிய பெயர் அது. நமது மக்களுக்கு உரியது சுங்கானன்று, சுருட்டுத்தான். ஆங்கிலேயர் 'செரூட்' என்று சொல்வதே நமது சுருட்டென்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூர் வரை சென்று விலைபோன காலம் ஒன்றிருந்தது. புகையிலை நமது இலக்கியத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய புகையிலை விடு தூது பழனி முருகனிடத்துப் புகையிலையைத் தூதாக அனுப்புகிறது. அந்நூலை 1939ஆம் ஆண்டில் பதிப்பித்துத் தந்தவர் உ.வே. சாமிநாதையர். முகிலும் கிள்ளையும் தூது போன நாட்டில் புகையிலையும் தூது போயிற்று.

ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இலையைப் பற்றியதன்று. அந்த இலையை வைத்துப் புகைத்த வெள்ளைக் களிமண் குழாய் ஒன்றைப் பற்றியது. அதில் எழுத்தில்லை, முத்திரையில்லை. செய்தவன் யார், எந்த ஊரில் செய்தான், எந்தக் காலத்தில் செய்தான் என்று சொல்ல அதில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படிப்பட்ட பொருள் ஒன்றை எவ்வாறு அடையாளம் காண்பது? அடையாளம் கண்டு ஆகப் போவதென்ன? இவ்விரு கேள்விகளும் எனக்கு முன்னால் ஒரேநாளில் வந்து நின்றன.

முதலில் நமது துறைமுகத்தின் கதையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தார்கள். அக்கற்களைக் கொண்டு அதே முனையில் கோட்டை கட்டினார்கள். தமிழ் எழுத்தும் மீன் உருவமும் பொறித்த கல் இன்றும் அக்கோட்டை வாயிலில் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1639இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். பின்னர் விட்டகன்று, 1660களில் மீண்டும் வந்து நிலைகொண்டார்கள். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அதே ஆண்டு ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சவ்ரன் அதைப் பறித்துக்கொண்டார். சமாதானத்தின் பின் அது மறுபடியும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795 ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயர் திரும்பி வந்து பிடித்தார்கள். பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் சூட்டியது 1803இல். இத்தனை கொடிகளின் கீழும் காவல் நின்ற போர்வீரர்களும், கப்பலிலிருந்து கரையிறங்கிய மாலுமிகளும் புகைத்தார்கள். கையில் இருந்தது பெரும்பாலும் களிமண் சுங்கான்தான்.

களிமண் சுங்கான் மலிவானது, எளிதில் முறிவது. முறிந்ததை ஒட்ட எவரும் முயலமாட்டார்கள். எறிந்துவிட்டுப் புதிதொன்றை எடுப்பார்கள். வெள்ளித் தட்டும் பீங்கானும் தலைமுறை தலைமுறையாகப் பெட்டகத்தில் இருக்கும். அவை கிடைத்த இடத்தை வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது. சுங்கானோ வாங்கிய சில மாதங்களுக்குள் குப்பைக்குப் போய்விடும். அதனாலேயே தொல்பொருள் ஆய்வாளருக்கு அது நம்பத்தக்க சாட்சி. மண்படை ஒன்றில் சுங்கான் துண்டு இருந்தால் அப்படையின் காலம் அத்துண்டின் காலத்தை ஒட்டியதாக இருக்கும்.

எங்கள் வகுப்பில் படிக்கும் மாணவர் ஒருவர் ஒருநாள் காகிதத்தில் சுற்றிய பொருளொன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தகப்பனார் கரைவலைத் தொழிலாளி. மாரிக் கடல் கரையை அரித்துச் சென்ற பின்னர், டச்சு பே பக்கத்துப் பாடொன்றில் வலை இழுத்தபோது, மணலோடு சேர்ந்து அது மேலே வந்ததாம்.

"சேர், இது றொபேட் நொக்ஸ் பிடிச்ச சுங்கானோ?" என்று கேட்டார்.

"ஏன் தம்பி அப்பிடி நினைக்கிறீர்?" என்றேன்.

"அவர் கொட்டியாரத்திலதானே பிடிபட்டவர். கப்பலும் இங்கதானே வந்தது" என்றார்.

கேள்வி நல்ல கேள்வி. 'ஆன்' என்ற கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்து, 1659இன் இறுதியில் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நொக்ஸும் தந்தையாரும் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். மகன் 1679இல்தான் தப்பினார். 1681இல் வெளிவந்த அவருடைய நூலை அறியாதார் இலங்கையில் குறைவு. ஆனால் அந்தத் துண்டு அவருடைய காலத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஏனென்று பார்ப்போம்.

துண்டைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது மண்ணின் நிறம். நமது குயவர் வனையும் மண்ணில் இரும்புச்சத்து உண்டு, சூளையில் சிவக்கும். இதுவோ சுட்ட பின்னும் வெண்மையாக இருக்கும் மண். தென்மேற்கு இங்கிலாந்திலும் மியூஸ் ஆற்றை ஒட்டிய பகுதியிலும் அத்தகைய மண்ணை வெட்டியெடுத்துச் சுங்கான் செய்யும் ஊர்களுக்கு அனுப்பினார்கள். ஆகவே பொருள் கப்பலில் வந்தது, இங்கு செய்ததன்று.

அடுத்தது செய்முறை. களிமண்ணைத் திரித்து நீண்ட தண்டாக்கி, அதனுள்ளே எண்ணெய் பூசிய கம்பியைச் செலுத்துவார்கள். பின்னர் இரண்டு பாதிகளாலான உலோக அச்சில் வைத்து நெருக்குவார்கள். குழிவை ஒரு குத்தியால் அழுத்திக் குடைவார்கள். இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு வரம்பு எழும். உயர்ந்த சரக்கில் அவ்வரம்பைச் சீவி, வழவழப்பான கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். மாணவர் கொண்டுவந்த துண்டில் வரம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. மினுக்கம் இல்லை. ஆகவே அது மலிவுச் சரக்கு.

மூன்றாவது வடிவம். காலத்தைச் சொல்வதில் இதுவே முதன்மையானது. புகையிலை ஐரோப்பாவுக்குப் புதிதாக வந்தபோது விலை மிக அதிகம். 1604இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் அதனை இகழ்ந்து நூலெழுதியும் மக்கள் விடவில்லை. விலை கூடிய பொருளானபடியால் அக்காலச் சுங்கானின் கிண்ணம் மிகச் சிறிது. நடுவில் பருத்து வாயில் ஒடுங்கி, சிறிய பீப்பாவைப் போல இருக்கும். வாய் விளிம்பைச் சுற்றிப் பற்சக்கரத்தால் உருட்டிய புள்ளிக்கோடு ஓடும். நொக்ஸ் காலத்துக் கிண்ணம் அவ்வகையானது. தோட்டங்கள் பெருகிப் புகையிலை மலிந்தபோது கிண்ணமும் பெருத்தது. ஒல்லாந்தில் பதினேழாம் நூற்றாண்டின் முடிவில் புனல் போல வாய் விரிந்த வடிவம் வந்தது. 1730களின் பின் முட்டை வடிவம் பரவியது. ஆங்கிலேயரின் பதினெட்டாம் நூற்றாண்டுக் கிண்ணம் நிமிர்ந்து நிற்கும். விளிம்பு தண்டுக்குச் சமாந்தரமாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரம்பை மறைக்க இலைகளை அச்சிலேயே செதுக்கினார்கள். கிளாஸ்கோ நகரத்து மக்டூகல் நிறுவனம் போன்றவை தண்டில் தமது பெயரையும் ஊரையும் பொறித்து உலகெங்கும் அனுப்பின.

நமது துண்டின் கிண்ணம் ஒன்றேமுக்கால் அங்குல உயரம், மெல்லிய சுவர், முட்டை வடிவம், சற்றே முன்சாய்வு. நொக்ஸ் காலத்துப் பீப்பா வடிவம் அன்று. இலைச் செதுக்கலும் இல்லை. நிமிர்ந்த ஆங்கிலக் கிண்ணமும் அன்று. ஒல்லாந்து முறையில் அமைந்த பதினெட்டாம் நூற்றாண்டு வடிவம் என்பது இவ்வளவில் தெளிவாகிறது.

நான்காவது குதி. கிண்ணத்தின் அடியில், தண்டு சேருமிடத்தில், சிறியதொரு கால் இருக்கும். அது கூர்மையாக இருந்தால் அடியில் முத்திரை குத்த இடமில்லை. எழுத்தை இருபக்கத்திலும் வைப்பார்கள். தட்டையாக இருந்தால் அடியிலேயே முத்திரை குத்தலாம். இதில் குதி தட்டையானது. ஆனால் வெறுமையாக இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தும், சாய்வாக வெளிச்சம் பிடித்துப் பார்த்தும், முத்திரை தேய்ந்த தடம்கூடத் தெரியவில்லை.

இந்த வெறுமையும் ஒரு செய்தியைச் சொல்கிறது. ஒல்லாந்தில் சுங்கான் தொழிலுக்குப் பேர்போன நகரம் கௌடா. மதச் சண்டையாலும் கூலிப்படைச் சேவையாலும் அங்கு வந்து தங்கிய ஆங்கிலேயரே தொழிலைத் தொடக்கிவைத்தார்கள். 1660இல் சுங்கான் செய்வோர் சங்கம் அமைந்தது. அதன் பெயர் உயர உயர, வேறு ஊரார் அதைப் பார்த்துச் செய்து கௌடாச் சரக்கென்று விற்றார்கள். அதைத் தடுக்க, 1740 அளவில் கௌடாத் தொழிலாளர் நகரச் சின்னத்தைக் குதியின் பக்கத்தில் வைக்கும் உரிமையைப் பெற்றனர். சாதாரணத் தரமானால் சின்னத்தின் மேல் 'எஸ்' என்ற எழுத்தும் இருக்கும். நமது துண்டின் குதியில் அடியிலும் ஒன்றுமில்லை, பக்கங்களிலும் ஒன்றுமில்லை. முட்டை வடிவம் பரவியதோ 1730களின் பின். ஆகவே கௌடாவைப் பார்த்து மலிவாகச் செய்த வேறோர் ஊரின் சரக்கு என்று கொள்வதே பொருத்தம். ஒல்லாந்தில் ஆல்ஃபன், கோரின்கம் ஆகிய ஊர்களிலும், ஜேர்மனியின் வெஸ்டர்வால்ட் பகுதியிலும் அத்தகைய பட்டறைகள் இருந்தன.

ஐந்தாவதாகத் தண்டின் துளை. அமெரிக்க ஆய்வாளர் ஹரிங்டன் 1954ஆம் ஆண்டில் ஒரு புதுமையைக் கண்டார். ஆங்கிலச் சுங்கான்களின் துளை காலஞ்செல்லச் செல்லச் சிறுத்து வந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அங்குலத்தில் அறுபத்துநான்கில் ஒன்பது பங்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நான்கு பங்கு. தச்சர் துளைபோடும் அலகுகளே அளவுகோல். 1962இல் பின்போட் என்பவர் இதனைக் கணித வாய்பாடாக்கினார். 1931.85 என்ற எண்ணிலிருந்து, துளையளவை 38.26ஆல் பெருக்கி வருவதைக் கழித்தால் ஆண்டு கிடைக்கும். நாங்களும் தச்சரிடம் அலகுகளை இரவல் வாங்கிப் பார்த்தோம். ஐந்து பங்கு அலகு பொருந்தியது. மாணவர் கணக்குப் போட்டு, "1740, சேர்!" என்று துள்ளினார். அவரைச் சற்று அமர்த்த வேண்டியிருந்தது. அவ்வாய்பாடு ஒரே இடத்தில் கிடைத்த பல துண்டுகளின் சராசரிக்குரியது. ஒரு தனித்துண்டுக்குச் சொல்லப்பட்டதன்று. ஆங்கிலச் சுங்கானுக்குப் பொருந்துவதுபோல் ஒல்லாந்தச் சுங்கானுக்குப் பொருந்துவதுமில்லை. விடை அழகாக வந்துவிட்டது என்பதற்காக அதனை உண்மையென்று கொள்ளலாகாது.

முட்டை வடிவம் ஒல்லாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. ஆகவே வடிவம் கீழெல்லையைத் தரும், மேலெல்லையைத் தராது. அதனைத் தருவது நமது துறைமுகத்தின் வரலாறு. 1795க்குப் பின் இங்கு வந்திறங்கிய படை ஆங்கிலேயப் படை. அதனோடு வந்த சரக்கும் பெரும்பாலும் ஆங்கிலச் சரக்கு. ஒல்லாந்த முறைச் சுங்கான் கோட்டையடிக் கரையில் முறிந்து விழுந்தது, பெரும்பாலும், ஒல்லாந்தர் இருந்த காலத்தில். 1740க்கும் 1795க்கும் இடைப்பட்டது என்று கூறுவது நியாயமான முடிவு. கிண்ணத்தின் உட்புறம் கருகியிருந்தது. சரக்காக வந்து உடைந்ததன்று; ஒருவன் வாயில் வைத்துப் புகைத்தது.

அவன் யார்? ஒல்லாந்தன் என்று உடனே சொல்லிவிட முடியாது. கம்பெனியின் படையில் பல நாட்டார் இருந்தார்கள். ஜேர்மானியர் இருந்தார்கள், மலாயர் இருந்தார்கள். 1795 வரை கம்பெனிக்குச் சேவித்து, அவ்வாண்டிலேயே ஆங்கிலேயர் பக்கம் மாறிய டி மியூரன் படைப்பிரிவு சுவிற்சர்லாந்தில் திரட்டப்பட்டது. கொடி ஒல்லாந்தருடையது, புகைத்த வாய் எந்நாட்டாருடையதாகவும் இருக்கலாம்.

இந்த ஆராய்ச்சி எல்லாம் முடிந்த பின்னரே மாணவர் இன்னொரு விடயத்தைச் சொன்னார். சுற்றுலா வந்த ஒருவர் அத்துண்டைப் பார்த்துவிட்டு, விலைக்குத் தரும்படி கேட்டிருக்கிறார். அவர் சொன்ன தொகை தகப்பனாரின் ஒருவாரப் பங்கைவிட அதிகம். கடல் அடித்துக்கொண்டிருந்த காலம். வலை இறக்கி நாட்கள் பல ஆகியிருந்தன. காலத்தை எழுதிக் கொடுத்தால் இன்னும் கூடுதலாகத் தருவதாகவும் சொன்னாராம். பிள்ளை என்னிடம் வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் சொன்ன காலமே அந்த விற்பனைக்குத் தடையாயிற்று. இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆந் திகதியை எல்லையாக வைக்கிறது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. அதற்கு முற்பட்ட பொருள் தொல்பொருள். கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். விற்க அவருக்கு உரிமையில்லை. அதே சுங்கான் மக்டூகல் பெயரோடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாக இருந்திருந்தால் கதை வேறு. முட்டை வடிவத்துக்கும் இலைச் செதுக்கலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் ஒருவாரச் சீவியத்தைத் தீர்மானித்தது.

தகப்பனாரைச் சென்று கண்டேன். விடயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிறிதுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சேர், பேர் இல்லாத ஒரு உடைஞ்ச சாமான். செய்தவன் ஆரெண்டு உங்களுக்கே தெரியாது. அதுக்கும் ஒரு சட்டமோ?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. மறுமொழி சொல்ல எனக்குத் தமிழ்தான் துணைக்கு வந்தது. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்றொரு புலவர் இருக்கிறார். அணிலாடு முன்றிலார் என்றொருவர் இருக்கிறார். இவை அவர்களுடைய தாய்தந்தையர் இட்ட பெயர்கள் அல்ல. இயற்பெயர் தெரியாத நிலையில், அவர்கள் பாட்டில் வந்த தொடரையே பெயராக்கித் தொகுத்தவர்கள் வைத்தார்கள். செய்தவர் பெயர் தெரியாதென்று செய்யுளை எறிந்திருந்தால் நாம் எவ்வளவு இழந்திருப்போம்! செய்த பொருளின் வடிவமே செய்தவனுக்கு அடையாளம் என்ற முறை நமக்குப் புதிதன்று.

இன்னுமொன்று. முத்திரை இருந்திருந்தாலும் செய்தவரை நாம் கண்டுவிட்டதாகாது. கௌடாவில் முத்திரை ஒரு சொத்து. விற்றார்கள், வாடகைக்கு விட்டார்கள், பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார்கள். ஒரே முத்திரை தலைமுறை பல கடந்து வேறு வேறு பட்டறைகளில் குத்தப்பட்டது. முத்திரை பட்டறைத் தலைவனுடையது. வரம்பைச் சீவியவர்களும் கல்லால் தேய்த்து மினுக்கியவர்களும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய பெயர் எந்தக் குதியிலும் இல்லை. முத்திரையுள்ள சுங்கானிலும் உழைத்தவர் பெயரில்லாதவரே. கரைவலையின் கயிற்றைப் பிடித்து இழுப்பவர் பெயர் மீனில் எழுதப்படுவதில்லை அல்லவா? இதைச் சொன்னபோது தகப்பனார் சிரித்தார். மறுநாள் தகப்பனும் மகனுமாகத் துண்டைக் கொண்டுசென்று தொல்பொருள் அலுவலரிடம் கையளித்தார்கள். கிடைத்த பாடு, ஆழம், நாள் ஆகியவற்றை மாணவர் தம் கையெழுத்தில் எழுதி இணைத்தார்.

நேயர்களே, அந்தத் தாள் சுங்கானுக்குச் சமமான பெறுமதியுள்ளது. இடம் தெரியாத சுங்கான் ஒரு விளையாட்டுப் பொருள். இடம் தெரிந்த சுங்கான் ஒரு சான்று. ஒல்லாந்தக் கம்பெனியின் 'வெர்ஹுல்ட டிராக்' என்ற கப்பல் 1656இல் மேற்கு அவுஸ்திரேலியக் கரையில் உடைந்தது. அதிலிருந்து எடுத்த சுங்கான்களில் 'ஈ.பி.' என்ற முத்திரையைக் கண்டு, அம்ஸ்ரடாம் நகரில் தொழில் செய்த எட்வர்ட் பேர்ட் என்ற ஆங்கிலேயனை ஆய்வாளர் இனங்கண்டார்கள். கப்பல் உடைந்த ஆண்டு தெரிந்ததனால் அச்சுங்கானின் வடிவத்துக்கும் காலம் நிச்சயமாயிற்று. அவ்வாறு காலம் நிச்சயமான துண்டுகளை வைத்துத்தான் முத்திரையில்லாத துண்டுகளின் காலத்தையும் சொல்ல முடிகிறது. 1795இல் நமது துறைமுக வாயிலில் பாறையில் மோதி மூழ்கிய 'டயோமீட்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலும் கடலடியில் அத்தகைய ஒரு சாட்சியே.

போரும் 2004இன் ஆழிப்பேரலையும் நமது கரைகளில் எத்தனையோ சுவடுகளைக் கலைத்துவிட்டன. எஞ்சியவை மாரிக்கு மாரி மணலிலிருந்து வெளிவருகின்றன. உட்துறைமுக வீதியில் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் உள்ள கடல்சார் வரலாற்று அரும்பொருட் காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். கரையில் வெள்ளைத் தண்டொன்று உங்கள் காலில் தட்டுப்பட்டால், அதைத் தூக்குமுன் சுற்றிப் பாருங்கள். எந்த இடம், எந்த நாள், அருகில் வேறென்ன கிடந்தது என்பதை எழுதுங்கள். எழுத்தில்லாத பொருளுக்கு நாம் செய்யக்கூடிய உதவி அதுதான். செய்தவன் பெயரை நம்மால் எழுத முடியாது. கிடைத்த இடத்தின் பெயரை எழுத முடியும். அந்தப் பெயர் திருகோணமலை.